பவானிக்காரப் பெண்ணின் படகுக்கு நான் போட்ட மெல்லிய துணி

ஸ்டெல்லா, பிரபு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். படித்த பிறகு பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கும்.

போன வாரம் பட்டறைக்கு வந்திருந்தேன் அல்லவா? பிரபு ஒரு வாடிக்கையாளரிடம், "எவ்வளவு கெட்டியாப் போடறோமோ அவ்வளவு நல்லது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வாடிக்கையாளர் முன்னால் மகனைத் திருத்துவது அழகில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

புதியவர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபைபர் வேலை என்பது கண்ணாடி நாரை ரெசின் என்ற பிசினில் நனைத்துப் படியவைப்பது. காய்ந்ததும் இறுகிவிடும். அந்த நார் இரண்டு விதமாக வரும். வெட்டிய நாரைப் பரப்பி ஒட்டிய மேட் ஒன்று. நெய்த துணி இன்னொன்று. எதுவானாலும் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அதன் கணக்கு. கிராம் கூடக்கூட அது ரெசினை அதிகமாகக் குடிக்கும். அதாவது துணியின் எடையோடு நிற்காது, அது குடிக்கிற ரெசினின் எடையும் சேரும். இதை மறந்தவர்கள்தான் எங்கள் காலத்தில் அதிகம்.

நான் வேலை பார்த்த பட்டறை பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருந்தது. முதலாளி மாசிலாமணி அண்ணன். தண்ணீர்த் தொட்டி, கடைக்குக் கூரை, பஸ் சீட்டு, டிசம்பர் வந்தால் மாதா கோவில்களுக்குக் கிறிஸ்துமஸ் குடில் என்று எல்லாமே செய்வோம். எல்லாவற்றுக்கும் ஒரே மேட்தான், நானூற்றைம்பது கிராம். சந்தேகம் வந்தால் இன்னொரு சுற்று. "கெட்டியாப் போட்டுட்டா கேள்வி வராதுபா" என்பார் அண்ணன்.

கேள்வி ஒருமுறை வந்தது. ஒக்கலிபுரத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடிக்குத் தொட்டி. வீட்டுக்காரர் உறுதியாக வேண்டும் என்று கேட்டதால் ஆசை ஆசையாகச் சுற்றிக்கொண்டே போனோம். தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் திருப்பத்தில் கை தாங்கவில்லை. தொட்டி சரிந்து சுவரில் சாய்ந்தது. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் என்னோடு வேலை பார்த்த பாஷாவின் சுண்டுவிரல். நம் பாஷா மாமாவின் விரல் ஏன் வளைந்திருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பீர்களே, அந்தத் தொட்டிதான் காரணம். தொட்டி உடையவில்லை, அது வாஸ்தவம். ஆனால் அதை யார் தூக்கப்போகிறார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் சுமதி. ஊர் பவானி. இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஜோகுபாளையத்தில் கீழ்த்தளத்தில் வாடகை வீடு. என் கடைசித் தங்கை வயது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு இல்லை.

"அண்ணா, வீட்ல ஒரு படகு செஞ்சிருக்கேன். அதுக்கு ஃபைபர் போடணுங்க" என்றாள்.

பாஷா சிரித்துவிட்டான். "வீட்ல இட்லி செய்வாங்க, படகும் செய்வாங்களா மேடம்?"

"இட்லிதான் எனக்கு வராதுங்க."

பாஷாவுக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் நானும் பாஷாவும் போய்ப் பார்த்தோம். கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு முக்காலிகள்மேல் அது இருந்தது. கயாக் என்று பெயர். ஒரே ஆள் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தகடு உள்ள துடுப்பால் தள்ளிக்கொண்டு போவது. மெல்லிய பிளைவுட்டைப் பட்டை பட்டையாக அறுத்து, கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்சி என்ற பசையால் ஒட்டியிருந்தாள். இரண்டு முனையும் வாழைப்பூ மாதிரி கூராக முடிந்தது. நான் ஒரு மூட்டிலும் குறை கண்டுபிடிக்கவில்லை, தேடித்தான் பார்த்தேன். எபாக்சி ரெசினும் அவளே வாங்கி வைத்திருந்தாள். மரத்தை நன்றாகப் பிடிப்பது அதுதான்.

"எந்தத் துணிங்கறதுதான் முடிவு பண்ண முடியலைங்கண்ணா" என்றாள். "சில பேரு இருநூறு கிராம் போதுங்கறாங்க. சில பேரு முந்நூத்தறுபது இல்லாம கல்லு இருக்கற ஆத்துல எறங்காதேங்கறாங்க. நான் காவேரில போலாம்னு இருக்கேன்."

காவேரி என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல். அவளுடைய அண்ணன். பவானியிலிருந்து தங்கையைப் பார்க்க வந்திருந்தார்.

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. ஆத்தோரம் பொறந்த நாங்களே ஆத்துக்குப் பயப்படறோம். இவ பலகையில போறாளாமா. போறதுதான் போறே, நல்லாக் கனமாப் போடு புள்ளேங்கறேன். கேக்கறாளா?"

"கனமாப் போட்டா நான் எப்பிடிண்ணா தூக்கறது?"

"ஆளா இல்ல? ரெண்டு பேரு தூக்குனா ஆச்சு."

சுமதி என் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ஆபீஸ்ல ஒரு குழுவோட போவேங்க. அங்கிருக்கற பிளாஸ்டிக் படகு ரெண்டு ஆள் கனம். கார்ல ஏத்த ஒருத்தரைக் கெஞ்சணும், எறக்க ஒருத்தரைக் கெஞ்சணும். அவங்க வரலைன்னா நானும் போகலை. நான் ஒருத்தியே தூக்கற மாதிரி ஒண்ணு வேணும்னுதான் இதைச் செஞ்சதே. இதுவும் ரெண்டு ஆள் கனம் ஆயிடுச்சுன்னா செவுத்துல மாட்டி வச்சுப் பாத்துக்கலாம், அவ்ளோதான்."

பிள்ளைகளே, இதுதான் அன்றைக்கு என் முன்னால் இருந்தது. கனமாகப் போட்டால் அந்தப் பெண் இத்தனை மாதம் பாடுபட்டதற்கு அர்த்தமில்லை. மெல்லியதாகப் போட்டு ஆற்றில் உடைந்தால் ஒரு உயிர். தொட்டி ஒழுகினால் தரை நனையும். இது அப்படி இல்லை.

நான் பதில் சொல்வதற்கு முன் எடையைப் பார்த்துவிட நினைத்தேன். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகள் வாங்கி வரச் சொன்னேன். பாஷா கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். "கடைக்காரன் ஊறுகாய் போடறீங்களான்னு கேக்கறான்பா."

பட்டறை வழக்கப்படி மேட் போட்டால் ரெசினோடு சேர்த்து எவ்வளவு ஏறும் என்று உத்தேசமாகப் பார்த்து, அத்தனை பாக்கெட்டைப் படகின் நீளத்துக்கும் பரப்பிக் கட்டினோம். "தூக்கும்மா" என்றேன். முழங்கால் வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மேட் கதை அங்கேயே முடிந்தது.

பாதி பாக்கெட்டைக் கழற்றினோம். முந்நூற்றறுபது கிராம் துணியை, சுமதி சொன்னபடி உள்ளேயும் வெளியேயும் போட்டால் வரும் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு தோளுக்கு ஏற்றினாள், கார் கூரையிலும் வைத்துவிட்டாள். அண்ணன் கை தட்டினார். "பாத்தியா, தூக்கிட்டே. இதையே போட்றலாம்."

எனக்கு அது போதவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இருக்கிற பெண், வீட்டு வாசலில் தூக்குகிறாள். ஆற்றில் நாளெல்லாம் துடுப்புப் போட்டுவிட்டுக் கரையேறும்போது அந்தக் கை இந்தக் கையாகவா இருக்கும்? அன்றைக்கு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழே தொட்டியில் இருந்தது. "இரண்டு கையிலும் வாளியை எடுத்து மாடித் தொட்டியை நிரப்பும்மா. அப்புறம் தூக்கலாம்" என்றேன்.

"என்னங்க, எங்க வீட்டுப் புள்ளையத் தண்ணி தூக்க விட்டுட்டீங்க" என்றார் அண்ணன். ஆனாலும் உதவிக்குப் போகவில்லை. நான் எதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

நிரப்பிவிட்டு வந்தவளுக்குக் கை தொங்கியது. படகைத் தோளில் ஏற்றப் பார்த்தாள், ஆடிப்போய்க் கீழே வைத்துவிட்டாள். முகம் சுருங்கிவிட்டது. இன்னும் சில பாக்கெட்டைக் கழற்றினோம். இருநூறு கிராம் துணியை அதே மாதிரி இரண்டு பக்கமும் போட்டால் வரும் கணக்கு. மூச்சை இழுத்துவிட்டுத் தூக்கினாள். தோளுக்கு வந்தது. கூரைக்கும் போனது.

தூக்குகிற கேள்வி தீர்ந்தது. உடைகிற கேள்வி அப்படியே இருந்தது. அவள் அறுத்த பிளைவுட்டில் மிச்சத் துண்டுகள் கிடந்தன. அவளிடம் சாம்பிளுக்கு வாங்கிய துணிகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒன்றாக வரும்படி, ஒரு துண்டுக்கு வெளிப்பக்கம் மட்டும் முந்நூற்றறுபது, இன்னொன்றுக்கு வெளியே இருநூறு, உள்ளே இருநூறு என்று ஒட்டிக் காயவைத்துவிட்டு வந்தோம். உள்ளேயும் போடலாம் என்று சொன்னது சுமதி. அது எதற்கு என்று எனக்கு அப்போது சரியாகப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தத் துண்டுகளைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போனோம். இரண்டு ஓரத்திலும் செங்கல் கொடுத்து, நடுவில் சுத்தியலால் ஒரே மாதிரி அடித்தேன். கனத் துணி போட்ட துண்டு மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். "பாத்தீங்களா, கனம் கனந்தான்" என்றார், அந்த வாரமும் வந்திருந்த அண்ணன்.

சுமதி அதைத் திருப்பினாள். "அண்ணா, உள்பக்கம் பாருங்க."

உள்ளே மரம் நீளமாகப் பிளந்திருந்தது. அடி விழுந்தது வெளியே, கிழிந்தது உள்ளே. கல் வெளியிலிருந்து குத்தும்போது பலகை உள்பக்கமாக வளைகிறது. வளையும்போது இழுபடுவது உள்முகம்தான். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் மரம் விட்டுக்கொடுத்துவிடும். இரண்டு பக்கமும் மெல்லிய துணி போட்ட துண்டைத் திருப்பினோம். மேலே பள்ளம் கொஞ்சம் அதிகம். உள்ளே ஒரு வெள்ளைக் கோடு, பிளவு இல்லை. இத்தனை வருஷம் வெளியே வெளியே என்று சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பெண் ஒரு பலகையைத் திருப்பிக் காட்டியது பெரிய விஷயம்.

அப்போது முடிவு சொன்னேன். உள்ளேயும் வெளியேயும் இருநூறு. அதற்கு மேல் படகின் அடிவயிற்று நடுக்கோட்டில் ஒரு பட்டை, அவள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இன்னொரு துண்டு. கல் முத்தமிடுகிற இடத்தில் மட்டும் கனம். மற்ற இடத்தில் ஒரு கிராம்கூட வேண்டாம்.

மாசிலாமணி அண்ணனிடம் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தோணி, தண்ணில போற சாமான்பா. கண்ணாடி மாதிரி இருநூறா போடுவ? ரெண்டு மேட்டு போட்டு உடு. ஒடஞ்சா பட்டறை பேரு நாறிடும்."

"ஒடையாதுண்ணே."

"ஒடஞ்சா?"

"நான் போட்டேன்னு சொல்லுங்க. பட்டறை போட்டதுன்னு சொல்லாதீங்க."

அவர் இன்னொரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "போட்டுக்கோ. பட்டறை பேருலயே போடு" என்றார். அந்த மனிதரை நான் கடைசிவரை மதித்ததற்கு இது ஒரு காரணம்.

துணி போட்ட நாள் ஒரு மூடாப்பான ஞாயிறு. பெங்களூர் வானத்தை நம்பித் தொடங்கினோம். உள்பக்கம் முந்தின வாரமே முடிந்திருந்தது. இப்போது வெளிப்பக்கம். வெள்ளைத் துணியை விரித்து ரெசினைத் தடவத் தடவ, துணி கண்ணுக்குத் தெரியாமல் போய் மரத்தின் வரி தேன் நிறத்தில் எழும்பி வந்தது. தொட்டிக்கு மேட் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் வேலையில் அழகு என்று ஒன்று வருமென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

முக்கால்வாசி முடிந்தபோது மேகம் கலைந்தது. வெயில் நேராகப் படகின் மேல் விழுந்தது. சற்று நேரத்தில் துணிக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழிகள். மரம் சூடேறினால் அதற்குள் இருக்கிற காற்று வெளியே வரப் பார்க்கும். நனைந்த துணியைத் தூக்கும். அப்படியே இறுகிவிட்டால் அந்த இடம் மரத்தோடு ஒட்டாமல் நிற்கும். அடிபடும்போது முதலில் விடுவது அங்கேதான்.

"மேல இன்னும் கொஞ்சம் ரெசின் ஊத்துபா, அமுங்கிடும்" என்றான் பாஷா.

கை டப்பாவுக்குப் போய்விட்டது. பட்டறையில் எப்போதும் அதைத்தான் செய்வோம். ஆனால் ரெசின் ஊற்றினால் துணி அதன்மேல் மிதக்கும், குமிழி போகாது, எடை ஏறும். உப்புப் பாக்கெட்டுகளாகக் கழற்றியதையெல்லாம் திரும்ப ஊற்றுவது மாதிரி. கையை எடுத்துக்கொண்டேன்.

"ஊத்தாதே. பிய்க்கவும் பிய்க்காதே. முதல்ல வெயிலை மறைக்கணும். சார், ஒரு போர்வை!"

கத்தினது, அன்றும் வந்திருந்த சுமதியின் அண்ணனைப் பார்த்துத்தான். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு ஓடிவந்து, வெயில் வரும் பக்கம் இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நிழல் விழுந்தது. நானும் சுமதியும் பாஷாவும் நடுவிலிருந்து ஓரமாகப் பிரஷ்ஷால் அமுக்கிக்கொண்டே போனோம். ஒரு குமிழி போனால் பக்கத்தில் ஒன்று. மரம் ஆறியபிறகுதான் அடங்கியது.

"அண்ணே, கல்யாணத்துல திரை புடிக்கற மாதிரி சூப்பரா புடிக்கறீங்க" என்றான் பாஷா.

"கை வலிக்குதுங்க. சீக்கிரம் தாலியக் கட்டுங்க" என்றார் அவர். கையை மட்டும் இறக்கவில்லை. ரெசின் விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை நின்றார்.

புதியவர்களே, இதைக் கவனியுங்கள். அவசரத்தில் கை தானாகப் போவது பழகிய பக்கம்தான். அந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலை எதற்காக ஆரம்பித்தது? எனக்கு அன்றைக்கு அந்தக் கேள்விதான் கை கொடுத்தது.

படகு நன்றாக இறுகியபின், காவேரிக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு ஏரியில் இறக்கிப் பார்த்தோம். அண்ணன் அதற்காகவே பவானியிலிருந்து வந்திருந்தார். கரையிலேயே நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு, தேவைப்பட்டால் குதிக்கத் தயாராக. சுமதி ஒரு சுற்றுப் போனாள். இரண்டாவது சுற்றில் வேகம் எடுத்தாள். கரைக்குத் திரும்பும்போது 'கடக்' என்று ஒரு சத்தம். படகு ஒரு பக்கம் எகிறி விழுந்தது. தண்ணீருக்குள் ஒரு கல்கம்பம். ஏரி நிரம்பாத வருஷத்தில் யாரோ வேலிக்கு நட்டது.

"புள்ளே!" என்று அண்ணன் முழங்கால் ஆழம் இறங்கிவிட்டார். பாஷா என் தோளைப் பிடித்தான்.

படகு ஆடி நின்றது. சுமதி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். காய்ந்த கை.

கரையேறியதும் படகைக் கவிழ்த்துப் பார்த்தோம். உட்காரும் இடத்துக்குக் கீழே, துண்டு போட்ட இடத்தில், ஒரு நீளக் கீறல். உள்ளே ஒன்றுமில்லை. அவள் நன்றாகக் களைத்திருந்தாள், தலையிலிருந்து வியர்வை சொட்டியது. படகைத் தூக்கக் குனிந்தாள். அண்ணன் பழக்கத்தில் ஒரு முனையைப் பிடிக்கப் போனார்.

"விடுண்ணா."

அவர் விட்டார். அவள் தொடையில் ஏற்றி, தோளில் ஏற்றி, காரின் கூரையில் கவிழ்த்து வைத்தாள். கயிற்றைக் கட்டினாள். யாரும் தொடவில்லை.

அண்ணன் என்னிடம் வந்தார். கால்சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "இனி இவளை நிறுத்த முடியாதுங்க" என்றார். திட்டுகிற மாதிரி சொன்னார், முகம் அப்படி இல்லை. "எங்க வீட்ல யாரும் போகாத எடத்துக்கெல்லாம் போவா."

நாம் செய்த தொட்டிகள் இந்த ஊரில் எத்தனையோ மாடிகளில் இருக்கின்றன. எனக்கு அதிலும் பெருமை உண்டு. ஆனால் யாராவது என்னிடம், அந்தோணி, வாழ்க்கையில் உருப்படியாக என்ன செய்தாய் என்று கேட்டால், ஒரு துணியை மெல்லியதாகப் போட்டேன் என்றுதான் சொல்வேன். பிரபு, வாடிக்கையாளர் எவ்வளவு கெட்டி என்று கேட்டால், உடனே பதில் சொல்லாதே. தூக்கப்போவது யார், அடி எங்கே விழும் என்று நீ திருப்பிக் கேள். பதில் அதிலேயே வந்துவிடும்.

ஏரிக்கரைச் சாலையில் ஒரு டீக்கடை இருந்தது. எல்லோரும் அங்கே போனார்கள். பாஷா அண்ணனிடம் பவானி ஜமுக்காளத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே நடந்தான். நான் செருப்பை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினேன். செருப்பு காலில்தான் இருந்தது.

தொட்டி செய்து முடித்ததும் நாம் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போமே, துணி ஒட்டாமல் விட்டிருக்கிற இடத்தில் 'பொத்' என்று கேட்கும் என்று. அவர்கள் முன்னால் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நானே சந்தேகப்படுகிறேன் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது. காரின் கதவைத் திறந்து ஓரத்தில் ஏறி நின்று, கவிழ்ந்திருந்த படகின் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். கீறலுக்கு முன்னால், கீறலின் மேல், கீறலைத் தாண்டி. அடுத்த முனைவரை ஒரே மாதிரி கணீரென்ற சத்தம்.

கைக்குட்டையை எடுத்துக் கீறலில் இருந்த சேற்றைத் துடைத்தேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.